மீனுக்குக் காது இல்லை என்று இனி எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் சிறுவர் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கு வந்திருந்தது. மீன்களுக்குக் காது கிடையாது, தண்ணீர் அதிர்வதை உடம்பால் உணர்ந்து அனிச்சையாகத் துள்ளுகின்றன, அவ்வளவுதான் என்று அதில் எழுதியிருந்தீர்கள். முதல் பாதி முழுத் தவறு. இரண்டாம் பாதி அரைத் தவறு, அந்த அரைத் தவறுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத உட்கார வைத்தது. ஏனென்றால் ஒரு சத்தம் மீனின் காதில் விழுந்து வாலில் அசைவாக வெளிப்படும் அந்தச் சில மில்லி நொடிக்குள் என்ன நடக்கிறது என்பது, உயிரியலில் நான் படித்ததிலேயே மிக அழகான விஷயம். அதை "அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டால் படிக்கிற பிள்ளைக்கு அதைத் தேடிப் போகத் தோன்றவே தோன்றாது.

சரி, முதலில் காது. மீனுக்குக் காது மடல் இல்லை, வெளியே ஓட்டையும் இல்லை. ஆனால் மண்டையோட்டுக்குள் மூளைக்கு இரு பக்கமும் உட்காது இருக்கிறது, நமக்கு இருப்பது போலவே. வெளி ஓட்டை ஏன் இல்லை என்றால் அது தேவைப்படவில்லை. மீனின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் தண்ணீரில் வரும் ஒலி அதன் உடம்பில் முட்டித் திரும்பாமல் நேராக உள்ளே புகுந்துவிடுகிறது, தண்ணீரோடு சேர்த்து மீனையும் ஆட்டுகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு: எல்லாமே ஒன்றாக ஆடினால் ஆடுவது எப்படித் தெரியும்? கூட ஆடாத ஏதோ ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும். அதற்குத்தான் காதுக்குள் செவிக்கல் என்ற சுண்ணாம்புக் கல் இருக்கிறது. தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அடர்த்தி. உடம்பு ஆடும்போது இந்தக் கனமான கல் கொஞ்சம் பின்தங்கும். கல்லுக்கு அடியில் வரிசையாக நிற்கும் செல்களின் நுண்மயிர்கள் அந்த வித்தியாசத்தில் வளையும், வளைந்ததும் செல்லுக்குள் மின்சாரம் பாயும், அது நரம்பு வழியாக மூளைக்குப் போகும். (இந்தக் கல்லில் மரத்தின் உள்ளே இருப்பது போல வளையங்கள் விழும். அவற்றை எண்ணித்தான் மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள். காது இல்லை என்று நாம் சொல்கிற உயிரின் வயதை அதன் காதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.)

கெண்டை, கெளுத்தி, தங்கமீன் வகைகளுக்கு இன்னொரு வசதியும் கூடுதலாக உண்டு. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை ஒலியின் அழுத்தம் ஏறி இறங்கும்போது சுருங்கி விரியும், அந்த அசைவைச் சின்னச் சின்ன எலும்புகளின் சங்கிலி ஒன்று காதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். 1820-லேயே ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வேபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதை விவரித்துவிட்டார், அந்த எலும்புகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். அதற்குப் பிறகும் மீனுக்குக் கேட்காது என்றே பலர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து பின்னாளில், 1973-ல், நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபொன் ஃபிரிஷ், பார்வை இல்லாத ஒரு கெளுத்தியை விசில் ஊதி ஊதி உணவுக்குப் பழக்கினார். சில நாளில் விசில் கேட்டாலே அது தன் மறைவிடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. இதை அவர் வெளியிட்டது 1923-ல். நூறு வருஷம் தாண்டிவிட்டது, நாம் இன்னும் பழைய கதையையே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

இனி என் கடிதத்தின் உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். தொட்டியில் நீந்தும் தங்கமீனுக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு பலத்த சத்தம் எழுந்தால் அது என்ன செய்கிறது என்று மெதுவாக ஓட்டிய வீடியோவில் பார்த்திருக்கிறீர்களா? முதலில் உடம்பு முழுவதும் ஒரு பக்கமாக வளைந்து, தலையும் வாலும் ஒரே பக்கம் வந்து, பிறை போல ஆகிவிடும். அடுத்த நொடிக்கூறில் வால் மறுபக்கம் வீசி மீன் பாய்ந்துவிடும். இமைப்பொழுது என்று நாம் சொல்கிறோமே, அந்த இமை ஒருமுறை மூடித் திறக்கவே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். சத்தம் வந்து நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு ஆவதற்குள் மீன் வளையத் தொடங்கிவிட்டிருக்கும்.

இந்த வேகத்துக்குக் காரணம் பின்மூளையில் இருக்கும் இரண்டே இரண்டு நரம்பணுக்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. லுட்விக் மௌத்னர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1859-ல் இவற்றை முதலில் விவரித்தார், அதனால் மௌத்னர் செல் என்று பெயர். ஒரு முதுகெலும்பியின் மூளையில் பெயர் சொல்லி, இதோ இதுதான் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய தனி நரம்பணுக்கள் மிக மிக அபூர்வம். நம் மூளையில் அப்படி ஒன்றைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. மீனில் முடியும், காரணம் இது அவ்வளவு பெரிது. இதற்கு இரண்டு பெரிய கிளைகள்: பக்கவாட்டுக் கிளையில் காதிலிருந்து வரும் நரம்பு வந்து சேர்கிறது, கீழ்க்கிளையில் கண் பார்த்தது வந்து சேர்கிறது. வெளியே போகும் இழை ஒன்றுதான், அது மிகப் பருத்தது, புறப்பட்டதும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், தண்டுவடம் நெடுகிலும் வால்வரை இறங்குகிறது.

எதிர்ப்பக்கம் போவதில்தான் எல்லாமே இருக்கிறது. சத்தம் இடப்பக்கமிருந்து வந்தால் இடது மௌத்னர் செல் சுடும், அதாவது மின்துடிப்பை அனுப்பும். இழை வலப்பக்கம் தாண்டிவிட்டதால் வலப்பக்கத் தசை முழுவதும் ஒரே நேரத்தில் இறுகும். வலப்பக்கம் இறுகினால் தலை வலப்பக்கம் திரும்பும், அதாவது சத்தத்துக்கு எதிர்த்திசை. வழியில் அதே இழை இடப்பக்கத் தசையை அடக்கும் நரம்பணுக்களையும் தட்டிவிட்டுப் போகிறது, இரண்டு பக்கமும் சேர்ந்து இறுகினால் மீன் எங்கும் திரும்பாமல் விறைத்து நிற்கும் இல்லையா. இத்தனைக்கும் அந்தச் செல் அனுப்புவது ஒரே ஒரு மின்துடிப்பு. தொடர்ச்சியாகப் பல துடிப்புகள் தேவையில்லை, ஒன்று போதும், மொத்த உடம்பும் வளைந்துவிடும்.

ஒரே துடிப்பில் முடிவாகிவிடும் என்பதாலேயே அதைச் சும்மா விட்டுவைக்க முடியாது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் "அனிச்சை" என்ற வார்த்தை உடைவது இங்கேதான். மௌத்னர் செல்லைச் சுற்றி அதை அடக்குவதற்கென்றே ஒரு கூட்டம் நரம்பணுக்கள் நிற்கின்றன. காதிலிருந்து வரும் செய்தி மௌத்னர் செல்லுக்குப் போகும்போதே இந்த அடக்கும் செல்களுக்கும் போகிறது. செய்தி கொண்டுவரும் நரம்பு மௌத்னர் செல்லோடு சேரும் இடத்தில் இரண்டு வகை இணைப்பும் கலந்தே இருக்கிறது: ரசாயனம் கசிந்து செய்தி சொல்லும் வழக்கமான இணைப்பு, அதோடு மின்சாரம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு நேராகவே பாயும் இணைப்பு. ரசாயனத்துக்காகக் காத்திருக்கும் கொஞ்ச நேரத்தைக்கூட மிச்சப்படுத்துகிற ஏற்பாடு அது. ஓட்டம் பிடிக்கத்தான் இப்படி வேகம் என்று நினைத்தால், அடக்கும் பக்கத்திலும் அதே அவசரம். தாரோ ஃபுருகாவா, எட்வின் ஃபர்ஷ்பான் என்ற இரண்டு பேர் 1963-ல் எழுதியது இதுதான்: சில அடக்கும் செல்கள் ரசாயனம் போய்ச் சேரும்வரை காத்திருப்பதில்லை, மௌத்னர் இழை தொடங்கும் இடத்தைச் சுற்றியுள்ள மின்புலத்தையே மாற்றி அதைச் சுடவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன. ஆக, ஓடு என்பதும் ஓடாதே என்பதும் ஒரே கணத்தில், ஒரே வேகத்தில், ஒரே செல்லில் வந்து மோதுகின்றன. எது ஜெயிக்கிறதோ அதுதான் வாலுக்குப் போகிறது. இதை முடிவு என்று சொல்லாமல் வேறு எதை முடிவு என்று சொல்வது?

அப்புறம் திசை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? இரண்டு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தாலும், அளவு வித்தியாசத்தாலும். மீனுக்கு இது வேலைக்கு ஆகாது. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில், நொடிக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் போகிறது, மீனின் இரண்டு காதுக்கும் நடுவே இருப்பதோ கொஞ்ச இடைவெளி, ஒலி ஒரே நேரத்தில் வந்தது போலத்தான் இருக்கும். தண்ணீரின் அசைவைச் செவிக்கல் உணர்கிறது என்றேனே, அதிலும் ஒரு குழப்பம் உண்டு, ஒலியில் தண்ணீர் முன்னும் பின்னும் மாறி மாறி அசைகிறது, ஆகவே இடம்-வலம் என்ற கோட்டில் ஆடுகிறது என்று தெரியும், இடமா வலமா என்று தெரியாது. காற்றுப்பை உணரும் அழுத்தத்துக்கோ திசையே கிடையாது. தனித்தனியாக இரண்டும் உதவாது, ஆனால் சேர்த்துப் பார்த்தால் விடை வந்துவிடுகிறது. அழுத்தம் ஏறும் கணத்தில் தண்ணீர் வலப்பக்கம் நகர்ந்தால் ஒலி இடமிருந்து வந்தது. அதே கணத்தில் இடப்பக்கம் நகர்ந்தால் ஒலி வலமிருந்து வந்தது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1970களிலேயே ஒரு கருத்து இருந்தது, 1990களில் ராபர்ட் ஈட்டன் குழு மௌத்னர் செல்லை வைத்தே இந்தக் கணக்கு எப்படி நடக்கலாம் என்று ஒரு மாதிரியை முன்வைத்தது.

நேரடியான சோதனை 2024-ல் வந்தது. பெர்லினில் பெஞ்சமின் யூட்கேவிட்ஸ் குழு, டேனியோனெல்லா செரிப்ரம் என்ற ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள, வளர்ந்த பிறகும் கண்ணாடி போல உள்ளே தெரியும் மீனை எடுத்துக்கொண்டது. ஸ்பீக்கர்களை வைத்து, தண்ணீரின் அசைவை ஒன்றாகவும் அழுத்தத்தை வேறாகவும் தனித்தனியே மாற்றும் ஏற்பாடு செய்தார்கள். சாதாரணமாகச் சத்தம் கொடுத்தால் மீன் ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம் பாய்ந்தது. தண்ணீரின் அசைவை அப்படியே வைத்துவிட்டு அழுத்தத்தை மட்டும் தலைகீழாக்கினால், மீன் ஸ்பீக்கரை நோக்கியே பாய்ந்தது! ஒப்பிட்டுத்தான் திசை கண்டுபிடிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஒரு மீன் எப்படிச் சொல்ல முடியும். படித்த அன்று என் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து இதை விளக்கினேன்.

அனிச்சை என்றால் தட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துள்ள வேண்டும். மீன் அப்படிச் செய்வதில்லை. ஐந்து ஆறு நாள் வயதுள்ள ஜீப்ரா மீன் குஞ்சுக்கு ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சீக்கிரமே அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது, களைப்பால் அல்ல, ஆபத்தில்லை என்று பழகிவிட்டதால். வேறு விதமாகச் சீண்டினால் உடனே பாய்கிறது. பலத்த சத்தத்துக்குச் சற்று முன்னால் மெல்லிய சத்தம் ஒன்றைக் கொடுத்தால் பலத்த சத்தத்துக்குத் திடுக்கிடுவது குறைகிறது. ஹரோல்ட் பர்ஜஸ், மைக்கேல் கிரனாட்டோ இருவரும் 2007-ல் இதைக் குஞ்சுகளில் காட்டினார்கள். இதே விஷயம் மனிதர்களிலும் உண்டு, மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலருக்கு இந்தக் குறைப்பு சரியாக நடப்பதில்லை என்பது வெகுநாளாகத் தெரிந்தது. அதனால்தான் ஒரு மீன் குஞ்சு திடுக்கிடுவதை இவ்வளவு கவனமாகப் படம் பிடிக்கிறார்கள். பாய்ச்சலிலும் இரண்டு வகை உண்டு: மௌத்னர் செல் வழியாகச் சில மில்லி நொடிகளில் தொடங்கும் வேகப் பாய்ச்சல், வேறு நரம்பணுக்கள் வழியாகக் கொஞ்சம் தாமதித்து நடக்கும் நிதானப் பாய்ச்சல். சத்தம் பலமாக ஆக ஆக முதல் வகை கூடும். மௌத்னர் செல்லை அழித்துவிட்டாலும் மீன் ஓடாமல் நின்றுவிடுவதில்லை, அதன் பின்னால் வரிசையாக இருக்கும் உறவுக்கார நரம்பணுக்கள் பொறுப்பெடுத்துக்கொள்கின்றன, கொஞ்சம் தாமதம் ஆகும், அவ்வளவே. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்று கேட்பார்கள். நீந்தக் கற்றுத்தர வேண்டாம்தான், ஆனால் எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதைக் குஞ்சு தானே கற்றுக்கொள்கிறது.

இதையெல்லாம் பார்க்க முடிவதற்குக் காரணம் அந்தக் குஞ்சு ஒளிபுகும் உடம்போடு பிறப்பது. நரம்பணு வேலை செய்யும்போது ஒளிரும் புரதத்தை மரபணு வழியே அதற்குள் வைத்துவிட்டு, மெல்லிய தகடு போல லேசர் ஒளியை மூளை வழியே செலுத்தினால், சுமார் ஒரு லட்சம் நரம்பணுக்களில் எது எப்போது மின்னுகிறது என்று உயிரோடு பார்க்கலாம். 2013-ல் மிஷா ஆரென்ஸும் ஃபிலிப் கெல்லரும் கிட்டத்தட்ட முழு மூளையையும் இப்படிப் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தை உங்கள் சிறுவர் பக்கத்தில் போடுங்கள், பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டையும் ஏமாற்றக் கற்ற ஓர் உயிர் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் மூக்கில் இரண்டு உணர்கொம்பு உள்ள ஒரு தண்ணீர்ப் பாம்பு வாழ்கிறது. தலையை வளைத்துக் கொக்கி போல அசையாமல் காத்திருக்கும். மீன் அந்த வளைவுக்குள் வந்ததும் தலையால் பாயாது, முதலில் கழுத்துக்குக் கீழே உடம்பை லேசாகச் சுண்டும். அந்த அசைவு மீனின் அந்தப் பக்கத்துக் காதில் விழும், மீன் வழக்கம்போல எதிர்ப்பக்கம் வளையும், எதிர்ப்பக்கம் இருப்பது பாம்பின் வாய். கென்னத் கட்டானியா என்ற ஆய்வாளர் 2009-ல் இதை அதிவேகக் கேமராவில் பிடித்துக் காட்டினார். மீன் இருந்த இடத்துக்குப் பாம்பு பாய்வதுகூட இல்லை, மீன் வரப்போகும் இடத்துக்கே பாய்கிறது.

பாம்பு ஏமாற்றுவது இயற்கை. நாம் செய்வது வேறு. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஸ்டீபன் சிம்ப்சன் குழு செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மோட்டார் படகுச் சத்தத்துக்கு நடுவே இருந்த சின்ன டாம்செல் மீன்கள் ஆபத்து வரும்போது திடுக்கிட்டு ஓடுவதே குறைந்துபோனது, வேட்டையாடும் மீனுக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இரையாயின. மேலே சொன்ன அந்த மோதலை, ஓடு-ஓடாதே என்ற கணக்கை, நம் எஞ்சின் இரைச்சல் குலைத்துவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கடலில் நாம் போடும் சத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை, பிளாஸ்டிக் போல கரையில் ஒதுங்குவதும் இல்லை, அதனால் யாரும் கேட்பதில்லை. ஆனால் இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு: படகை நிறுத்தினால் அந்தக் கணமே சத்தம் போய்விடும், வருஷக்கணக்கில் மிதந்துகொண்டிருக்காது. சத்தம் விரட்டத்தான் செய்யும் என்பதும் இல்லை. சிதைந்த பவளத்திட்டில் நல்ல திட்டின் ஒலியைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டபோது இளம் மீன்கள் அதைத் தேடி வந்து தங்கின, ஒலி இல்லாத இடங்களைவிட இரண்டு மடங்கு மீன் சேர்ந்தது என்று 2019-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அதே காது, அதே பின்மூளை, இந்த முறை சத்தத்தை நோக்கி நீந்துகிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இரண்டு வேண்டுகோள். அடுத்த வாரமே அந்தத் துணுக்கைத் திருத்தி, ஒரு படமும் போடுங்கள். சிக்கலான படம் வேண்டாம். மேலிருந்து பார்த்த ஒரு மீன், இடப்பக்கம் ஒலி அலை, தலைக்குள் ஒரு பெரிய புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து குறுக்கே வலப்பக்கம் தாண்டி வால்வரை இறங்கும் ஒரு கோடு, பக்கத்திலேயே வலப்பக்கம் வளைந்த அதே மீன். எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

இரண்டாவது, அதே படத்துக்குக் கீழே மீன்தொட்டியின் கண்ணாடியைத் தட்டக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள், ஏன் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், காரணம் தெரிந்தால் பிள்ளைகள் கேட்பார்கள். விரலால் தட்டும்போது அந்த அதிர்வு கண்ணாடி வழியே தண்ணீருக்குள் போய், காற்றுப்பை வழியாகவும் செவிக்கல் வழியாகவும் ஒரே நேரத்தில் அந்தச் சின்னத் தலைக்குள் பலத்த சத்தமாக இறங்குகிறது. மீன் உடனே எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டு எதிர்ப்பக்கம் பாய்கிறது, அங்கேயும் கண்ணாடிதான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்